காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல எவர்சில்வரா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாத்திரம் வாங்குவோர் கவனிக்க வேண்டியவை குறித்துத் தங்கள் நாளிதழின் குடும்பப் பக்கத்தில் அண்மையில் சில குறிப்புகள் வெளியாகியிருந்தன. எவர்சில்வர் வாங்கச் செல்லும்போது ஒரு சிறு காந்தத்தை உடன் எடுத்துச் செல்லுமாறும், காந்தம் ஒட்டினால் மட்டமான சரக்கு என்றும் ஒட்டாவிட்டால் தரமான சரக்கு என்றும் கொள்ளுமாறும் அவற்றில் ஓர் அறிவுரை இருந்தது. தங்கள் நாளிதழ் புதிதாகச் சொன்ன கருத்தன்று இது. கடைத்தெருவில் நெடுங்காலமாக வழங்கிவருவது, இப்போது கைப்பேசிக் காணொளிகளிலும் திரும்பத் திரும்பச் சொல்லப்படுவது. பாலிடெக்னிக் மாணவர்களுக்கு உலோகவியல் கற்பித்தவன் என்ற முறையில், இந்த அறிவுரையின் இரண்டு பாதிகளும் பிழையானவை என்பதையும், இரண்டாவது பாதி இன்றைய சந்தையில் வாங்குபவருக்கு நேரடியாக இழப்பை உண்டாக்கக்கூடியது என்பதையும் சற்று விரிவாக எடுத்துரைக்க இடம் தருமாறு வேண்டுகிறேன்.

பாத்திரத்தில் வைக்கும் காந்தம் உண்மையில் சோதிப்பது, அந்த உலோகத்திற்குள் இரும்பின் அணுக்கள் எந்த ஒழுங்கில் அடுக்கப்பட்டிருக்கின்றன என்பதைத்தான். தூய இரும்பு அறை வெப்பநிலையில் பொருள்மையக் கனச்சதுர அமைப்பில் இருக்கிறது. அதாவது, ஒரு கனச்சதுரத்தின் எட்டு மூலைகளிலும் அதன் நட்டநடுவிலும் அணுக்கள் அமைந்திருக்கின்றன. இதை ஃபெர்ரைட் என்கிறோம். 912 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாக்கினால், இரும்பு உருகாமல் திடநிலையில் இருந்தபடியே தன் அடுக்கை மாற்றிக்கொண்டு, எட்டு மூலைகளிலும் ஆறு முகப்புகளின் நடுவிலும் அணுக்கள் அமைந்த முகப்புமையக் கனச்சதுரமாகிறது. இதற்கு ஆஸ்டெனைட் என்று பெயர். அறை வெப்பநிலையில் ஃபெர்ரைட்டைக் காந்தம் வலுவாக ஈர்க்கும். ஆஸ்டெனைட்டை அது ஈர்ப்பதில்லை.

சாதாரண இரும்பை ஆறவிட்டால் ஆஸ்டெனைட் மறைந்து ஃபெர்ரைட் திரும்பிவிடும் என்பதால், கலப்பில்லாத இரும்பில் ஆஸ்டெனைட்டை நாம் கையில் எடுத்துப் பார்க்கவே முடியாது. கலப்புத் தனிமங்கள்தான் இந்த நிலையை மாற்றுகின்றன. நிக்கல், மாங்கனீசு, கார்பன், நைட்ரஜன், செம்பு ஆகியவை ஆஸ்டெனைட் நிலைத்திருக்கும் வெப்பநிலை எல்லையைக் கீழே இறக்குகின்றன. நிக்கலையோ மாங்கனீசையோ போதிய அளவு சேர்த்தால், அறை வெப்பநிலையிலும் அந்த அமைப்பே நின்றுவிடுகிறது. குரோமியம், மாலிப்டினம், சிலிக்கான், டைட்டானியம், வனேடியம் ஆகியவை இதற்கு எதிராக ஃபெர்ரைட்டை நிலைப்படுத்துகின்றன. கார்பன் குறைந்த இரும்பில் குரோமியம் ஏறத்தாழ 13 சதவீதத்தைத் தாண்டிவிட்டால், எவ்வளவு சூடாக்கினாலும் ஆஸ்டெனைட் தோன்றுவதேயில்லை. உருகும் வரை ஃபெர்ரைட்டாகவே இருக்கும். ஆகவே எவர்சில்வர் என்பது, இரு திசைகளில் இழுக்கும் தனிமங்களை ஒரே உலையில் சேர்த்து உருக்கிய கலவை. எந்தத் திசையில் இழுப்பவை மிகுந்தன என்பதை மட்டுமே காந்தம் காட்டுகிறது.

துரு பிடிக்குமா பிடிக்காதா என்பது இதிலிருந்து வேறான கேள்வி. எஃகில் குரோமியம் 10.5 சதவீதத்திற்குக் குறையாமல் இருந்தால், காற்றிலுள்ள ஆக்சிஜனோடு அது சேர்ந்து, சில நானோமீட்டர் தடிப்பே உள்ள ஆக்சைடு படலமொன்றைப் பரப்பெங்கும் உண்டாக்குகிறது. கண்ணுக்குத் தெரியாத இந்தப் படலம், தேய்த்தாலும் கீறினாலும் காற்றுப் பட்டவுடன் மீண்டும் உருவாகிவிடும். குரோமியத்தின் அளவு கூடக்கூடப் படலம் உறுதியாகிறது. மாலிப்டினமும் நைட்ரஜனும் அதற்கு மேலும் துணை செய்கின்றன. அடியிலுள்ள இரும்பு ஃபெர்ரைட்டா ஆஸ்டெனைட்டா என்பது இந்தப் படலம் உருவாவதற்கு ஒரு நிபந்தனையே அன்று.

இதை நிறுவ ஆய்வுக்கூடம் தேவையில்லை. 1992 முதல் நாம் புழங்கிவரும் ஒரு ரூபாய் எஃகு நாணயத்தில் ஏறத்தாழ 17 சதவீதம் குரோமியமும் மீதி இரும்பும் உள்ளன, நிக்கல் சேர்க்கப்படவில்லை. காந்தத்தை அருகில் கொண்டுபோனால் அது பட்டென்று ஒட்டிக்கொள்ளும். பூக்கடையின் ஈரத்திலும் மீன்கடையின் உப்புத் தண்ணீரிலும் ஆண்டுக்கணக்கில் கைமாறிய பிறகும் அந்த நாணயம் துருவேறிப் போவதில்லை. இதற்கு நேர்மாறான சான்று இரயில் பாதையில் கிடைக்கிறது. 1882-ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ராபர்ட் ஹாட்ஃபீல்டு உருவாக்கிய எஃகில் 12 சதவீதத்தை ஒட்டி மாங்கனீசும் 1 சதவீதத்திற்குச் சற்று மேல் கார்பனும் இருந்தன. தண்டவாளங்கள் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் இடங்களில் இன்றும் இந்த வகை எஃகையே வார்த்துப் போடுகிறார்கள். அது முழுவதும் ஆஸ்டெனைட், காந்தம் ஒட்டாது. ஆனால் குரோமியம் இல்லாததால் மழையில் நனைந்தால் சாதாரண இரும்பைப் போலவே துருப்பிடிக்கிறது. ஒட்டுவது துருப்பிடிக்காமலும், ஒட்டாதது துருப்பிடித்தும் இருக்கும்போது, காந்தத்தை வைத்துத் துருவைக் கணிப்பது எப்படிச் சரியாகும்? அதே ஷெஃபீல்டில் 1913-ல் ஹாரி பிரியர்லி உருக்கியெடுத்த துருப்பிடிக்காத எஃகிலும் 12.8 சதவீதம் குரோமியமும் 0.24 சதவீதம் கார்பனும்தான் இருந்தன. சமையலறைக் கத்திகளுக்கு முன்னோடியான அந்த எஃகும் காந்தத்தில் ஒட்டக்கூடியதே.

இனி, அறிவுரையின் இரண்டாவது பாதிக்கு வருகிறேன். வாசகர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான் என்பதால் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பாத்திரங்களுக்கு நெடுங்காலமாகப் பயன்பட்டுவரும் 304 என்னும் வகையில் குரோமியம் 18 சதவீதத்தையும் நிக்கல் 8 சதவீதத்தையும் ஒட்டியிருக்கும். குரோமியம் ஃபெர்ரைட்டின் பக்கம் இழுப்பதால், 18 சதவீதத்தின் இழுப்பைச் சமன்செய்து ஆஸ்டெனைட்டை அறை வெப்பநிலை வரை கொண்டுவருவதற்கு அந்த 8 சதவீத நிக்கல் வேண்டியிருக்கிறது. பாத்திரம் செய்பவருக்கு ஆஸ்டெனைட் வேண்டும். ஏனெனில் அந்த அடுக்கில் உள்ள தகடு கிழியாமல் நன்றாக நீளும், ஆழமான குடமாகவும் தூக்குவாளியாகவும் வளையும். நிக்கல் விலை உயர்ந்த உலோகம். அதன் விலை உலகச் சந்தையில் திடீர் திடீரென்று ஏறி இறங்குவது. எனவே நிக்கலுக்குப் பதிலாக வேறு எதை வைத்து ஆஸ்டெனைட்டைப் பெறலாம் என்ற தேடல் பழையது. 1950-களில் அமெரிக்காவில் நிக்கல் தட்டுப்பாடு வந்தபோது 201, 202 என்னும் மாங்கனீசு வகைகள் நடைமுறைக்கு வந்தன.

எந்தத் தனிமத்திற்கு எவ்வளவு வலு என்பதை அளவிட்டுச் சொன்னவர்களுள் ஆன்டன் ஷெஃப்லர் முக்கியமானவர். பற்றவைப்பு உலோகத்திற்காக அவர் 1949-ல் வெளியிட்ட வரைபடத்தில், ஆஸ்டெனைட்டை நிலைப்படுத்தும் ஆற்றலில் நிக்கலை 1 என்று கொண்டால், மாங்கனீசுக்கு அரையும் கார்பனுக்கு 30-உம் மதிப்பாகக் கொடுத்தார். நைட்ரஜனுக்கும் ஏறத்தாழ 30 என்ற மதிப்பைப் பின்வந்தோர் சேர்த்தார்கள். இந்தக் கணக்கின்படி 9 சதவீதம் மாங்கனீசு நாலரை சதவீதம் நிக்கலுக்கு ஈடாகிறது. கார்பனும் நைட்ரஜனும் சேர்ந்து வெறும் 0.2 சதவீதம் இருந்தாலே 6 சதவீதம் நிக்கலுக்கு ஈடாகிறது. மாங்கனீசின் பங்கை ஷெஃப்லர் சற்று மிகையாக மதிப்பிட்டார் என்பது பிற்கால ஆய்வுகளின் முடிவு. அது தானாகச் செய்வதைக் காட்டிலும், உருகிய எஃகில் நைட்ரஜன் மிகுதியாகக் கரைவதற்கு இடங்கொடுத்துச் செய்விப்பதே அதிகம். எப்படியாயினும், நிக்கலை ஒரு சதவீதம் வரை குறைத்துவிட்டும் காந்தம் ஒட்டாத தகட்டை உருக்க முடியும் என்பது நிறுவப்பட்ட உண்மை. நம் நாட்டுச் சந்தையில் ஜே-4 என்று வழங்கும் வகை அப்படிப்பட்டதே: நிக்கல் 1 சதவீதத்தையும், மாங்கனீசு 9 சதவீதத்தையும், குரோமியம் 15 சதவீதத்தையும் ஒட்டியிருக்கும், தகடு மென்மையாக வளைவதற்காகச் சிறிது செம்பும் உண்டு.

இந்த எண்களில் வாசகர்கள் உற்று நோக்க வேண்டியது குரோமியத்தின் எண்ணைத்தான். நிக்கலைக் குறைத்துவிட்டு 18 சதவீதக் குரோமியத்தை அப்படியே வைத்திருந்தால், மாங்கனீசாலும் நைட்ரஜனாலும் அதன் இழுப்பைத் தாங்க முடியாமல், உள்ளே ஃபெர்ரைட் தோன்றிவிடும். உருட்டும்போது தகட்டின் ஓரங்கள் வெடிக்கும். ஆகவே, நிக்கலைக் குறைப்பவர் குரோமியத்தையும் சேர்த்தே குறைக்க வேண்டியிருக்கிறது. நிக்கல் குறைந்தது மட்டும் என்றால் பாத்திரத்தின் ஆயுள் அவ்வளவாகக் குறையாது. அமைப்பைக் காப்பாற்றுவதற்காகத் துருவைத் தடுக்கும் குரோமியமே விட்டுக்கொடுக்கப்படுகிறது என்பதுதான் கவலைக்குரியது. போதாக்குறைக்கு, எஃகில் எஞ்சியிருக்கும் கந்தகம் மாங்கனீசோடு சேர்ந்து நுண்ணிய சல்பைடு துகள்களாக நிற்கிறது. உப்புத் தண்ணீர் முதலில் குழி தோண்டும் இடம் பெரும்பாலும் இத்தகைய துகளின் ஓரமே. இவ்வளவு வேறுபாடு இருந்தும், காந்தத்திற்கு 304-உம் ஒன்றுதான், ஜே-4-உம் ஒன்றுதான். இரண்டுமே ஆஸ்டெனைட் என்பதால் இரண்டிலும் ஒட்டாது. காந்தம் ஒட்டவில்லை என்பதைக் காட்டியே 304-இன் விலைக்கு மாங்கனீசு வகையை விற்க இது வழிவிடுகிறது.

மாங்கனீசு வகை எஃகைப் போலி என்று நான் சொல்லவில்லை. அது தரநிலைகளுக்கு உட்பட்ட, முறையான ஓர் உலோகம். இந்தியத் தரநிலை 15997 இத்தகைய குறைந்த நிக்கல் எஃகைப் பாத்திரங்களுக்கென்றே வரையறுக்கிறது. உலர்ந்த பண்டங்கள் வைக்கும் டப்பாவுக்கும், உடனுக்குடன் கழுவித் துடைத்து வைக்கும் தட்டுக்கும் அது தாராளமாகப் போதும். எதிர்ப்பு என் மனத்தில் எழுவது, என்ன வகை என்று சொல்லாமல் விற்பதற்கே.

நல்ல பாத்திரத்தைக் காந்தம் மட்டம் என்று காட்டிவிடுவதும் உண்டு. 304 வகையில் ஆஸ்டெனைட் அறை வெப்பநிலையில் எல்லைக்கோட்டில்தான் நிற்கிறது. பிரஸ்ஸில் வைத்துத் தகட்டை ஆழமாக இழுக்கும்போது, அந்த விசையினாலேயே அணு அடுக்கின் ஒரு பகுதி சரிந்து மார்ட்டென்சைட் என்னும் வேறோர் அமைப்பாக மாறிவிடுகிறது. இது காந்தத்தால் ஈர்க்கப்படுவது. அதனால்தான் நல்ல 304 தம்ளரின் அடிப்பகுதியில் சிறிதும் ஒட்டாத காந்தம், மிகுதியாக இழுபட்ட விளிம்பிலும் மூலைகளிலும் மெல்ல ஒட்டுகிறது. வேதியியல் சேர்க்கையில் எந்த மாற்றமும் இல்லை. குரோமியமும் நிக்கலும் இருந்தபடியே இருக்கின்றன. ஆயிரம் டிகிரிக்குச் சற்று மேல் சூடாக்கி விரைந்து குளிர்வித்தால், அதாவது அனீலிங் செய்தால், அந்த ஒட்டுதலும் போய்விடும். பட்டறைக்காரர்கள் ஆழமான பாத்திரங்களை இடையில் ஒருமுறை அனீலிங் செய்வது இழுபட்டுக் கடினமான தகட்டைத் திரும்ப மென்மையாக்குவதற்காக. நிக்கல் குறைந்த சில வகைகளில் இப்படித் தோன்றும் மார்ட்டென்சைட் இன்னொரு தொல்லையையும் தருகிறது. கார்பனும் நைட்ரஜனும் மிகுந்திருப்பதால் அது மிகக் கடினமாகவும் எளிதில் நொறுங்குவதாகவும் அமைகிறது. தகட்டிலுள்ள சிறிதளவு ஹைட்ரஜனும் சேர்ந்துகொள்ள, பிரஸ்ஸிலிருந்து நல்லபடியாக வெளிவந்த பாத்திரம் சில மணி நேரமோ சில நாட்களோ கழித்து விளிம்பிலிருந்து கீழ்நோக்கித் தானாகவே வெடித்துவிடுவதுண்டு.

முற்றிலும் ஃபெர்ரைட்டாலான 430 வகையைப் பற்றியும் ஒரு சொல். 16 முதல் 18 சதவீதம் வரை குரோமியம் கொண்ட இதுவும் முறையான எவர்சில்வரே. 304 அளவுக்கு ஆழமாக இழுக்க முடியாது என்பதும், பற்றவைத்த இடத்தில் நொறுங்கும் தன்மை கொள்ளும் என்பதும் இதன் குறைகள். இண்டக்‌ஷன் அடுப்பில் வைக்கும் பாத்திரத்தின் அடித்தகடு காந்தத்தால் ஈர்க்கப்படுவதாக இருந்தால்தான் அடுப்பு வேலை செய்யும் என்பதால், குக்கர்களின் அடியில் இத்தகைய தகட்டையே சேர்க்கிறார்கள். காந்தச் சோதனை சமையலறையில் நியாயமாகப் பயன்படும் இடம் இது. ஃபெர்ரைட் என்றாலே தாழ்வு என்று கொள்ள முடியாது என்பதற்கு 444 என்னும் வகை சான்று. 18 சதவீதம் குரோமியத்தோடு 2 சதவீதம் மாலிப்டினம் சேர்ந்த அதில் காந்தம் நன்றாக ஒட்டும்; ஆயினும் உப்பால் குழிவிழுவதைத் தாங்குவதில், கடலோரக் கட்டுமானங்களுக்குப் பரிந்துரைக்கப்படும் 316 வகைக்கு அது ஏறத்தாழ ஈடானது.

உப்பைப் பற்றிச் சொன்னதால் வாசகர்களுக்குப் பயன்படும் ஒரு செய்தியையும் சேர்த்துவிடுகிறேன். குரோமிய ஆக்சைடு படலத்தின் முதல் பகை குளோரைடு. ஈர உப்பையோ, உப்பும் புளியும் கலந்த குழம்பையோ இரவெல்லாம் எவர்சில்வரில் விட்டுவைத்தால், படலம் ஓரிடத்தில் உடைந்து, அந்தப் புள்ளியில் மட்டும் ஆழமான குழி விழும். 304-உம் இதற்கு விலக்கில்லை. உப்பைப் பீங்கான் சாடியிலோ மரவையிலோ வைக்கும் பழைய வழக்கத்தைக் கைவிட வேண்டியதில்லை. கைப்பிடி பற்றவைத்த இடத்தைச் சுற்றி மட்டும் துருக்கறை வருவதற்குக் காரணம் வேறு. 450 முதல் 850 டிகிரி வரையிலான வெப்பத்தில் நெடுநேரம் நின்ற பகுதியில் கார்பன் குரோமியத்தைத் தன்னோடு சேர்த்துக்கொண்டு கார்பைடாகப் படிகிறது. அந்தப் படிவுகளின் ஓரங்களில் குரோமியம் குறைந்துபோவதால், அங்கே படலம் உருவாவதில்லை. கார்பனை 0.03 சதவீதத்திற்குள் வைத்த 304எல் என்னும் வகை இதற்காகவே உருவானது.

வாங்குபவர் தாமாகவே இவற்றையெல்லாம் கண்டுபிடிக்க வழியில்லை. பழைய இரும்பு வாங்கி விற்பவர்கள்கூடக் காந்தத்தை மட்டும் நம்புவதில்லை. மாங்கனீசு வகையைப் பிரித்தறிய ஒரு சொட்டுச் சோதனைத் திரவத்தையும் சிறு பேட்டரியையும் வைத்து, நிறம் மாறுகிறதா என்று பார்க்கிறார்கள். எக்ஸ் கதிரைப் பாய்ச்சிச் சில நொடிகளில் குரோமியம், நிக்கல், மாங்கனீசு, மாலிப்டினம் ஆகியவற்றின் சதவீதத்தைத் திரையில் காட்டும் கையடக்கக் கருவிகளும் இன்று கிடைக்கின்றன. தங்கத்தின் மாற்றைச் சோதித்துக் காட்டும் கருவி நகைக்கடைகளில் இருப்பது வழக்கமாகிவிட்ட நிலையில், பாத்திரக்கடைகள் மிகுந்த பெருநகரங்களிலாவது வணிகர் சங்கத்தின் பொதுச்செலவில் ஒரு கருவியை வைப்பது இயலாத காரியமாக எனக்குத் தோன்றவில்லை.

எவர்சில்வர் பாத்திரங்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையைக் கட்டாயமாக்கும் ஆணையை மத்திய அரசு 2024 மார்ச்சில் பிறப்பித்தது. அதற்கு அடிப்படையான தரநிலை 14756. முத்திரை வருவதை மனமார வரவேற்கிறேன். ஆனால் சாதாரணக் குடும்பத்தினருக்கு அதைவிட உடனடியாகப் பயன்படக்கூடியது, பாத்திரத்தின் அடியில் எஃகின் வகை எண்ணும், குரோமியம், நிக்கல் ஆகியவற்றின் சதவீதமும் தெளிவாகப் பொறிக்கப்பட்டிருப்பதே. மாங்கனீசு வகை என்றால் அதையும் அவ்வாறே பொறிக்க வேண்டும். சேலம் உருக்காலைத் தகட்டில் செய்த பாத்திரம் என்ற முத்திரையைப் பார்த்து நம் வீடுகளில் வாங்கிய காலம் உண்டு. அடியைத் திருப்பிப் பார்த்து வாங்கும் பழக்கம் நம் மக்களுக்குப் புதிதன்று. இந்தியத் தர நிர்ணய அமைவனமும், மாநில அரசின் நுகர்வோர் பாதுகாப்புத் துறையும் இதை வலியுறுத்த வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வழியாக வேண்டுகிறேன்.

காந்தம் பற்றிய குறிப்புக்கு உரிய திருத்தத்தைத் தங்கள் நாளிதழ் அதே குடும்பப் பக்கத்தில் வெளியிட வேண்டும் என்பதும் என் வேண்டுகோள். அதனுடன், கடையில் கேட்க வேண்டிய கேள்வி “எந்த வகை எஃகு, ரசீதில் எழுதித் தருவீர்களா?” என்பதே என்றும் சேர்த்து அச்சிட்டால், பண்டிகைக்குப் பாத்திரம் எடுக்கப் போகும் வாசகர்களுக்கு அது கைகொடுக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உலோகவியல் விரிவுரையாளர்,
சேலம்.